ஆண்டு பாஸும் அடகுச் சங்கிலியும்

கேள்வி: கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். வயது 38. கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் வேலை, பிடித்தம் போகக் கையில் 34,000 ரூபாய் வரும். மனைவி வீட்டிலேயே தைக்கிறார், மாதம் ஏழெட்டாயிரம். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 7. கொச்சிப் பக்கம் ஒரு தீம் பார்க்குக்கு வருடத்தில் இரண்டு முறை போகிறோம், ஏப்ரலில் ஒன்று, ஓண லீவில் ஒன்று. ஏப்ரலில் திருப்பூரிலிருந்து அக்கா, அத்தான், அவர்களின் இரண்டு பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். தாய்மாமன் என்பதால் எட்டுப் பேர் செலவும் என்னுடையதுதான். இப்போது அந்தப் பார்க்கில் ஆண்டு பாஸ் ஒருவருக்கு 6,500 ரூபாய் என்கிறார்கள். நான்கு பேருக்கு 26,000. நாள் டிக்கெட் சராசரி 1,300. ஐந்து முறை போனாலே போட்ட காசு வந்துவிடும், ஆறு முறை போகலாம் என்று இருக்கிறேன். மனைவியின் மூன்று பவுன் சங்கிலி ஏற்கெனவே 70,000 ரூபாய்க்கு அடகில் இருக்கிறது. தங்கம் விலை ஏறிவிட்டதால் அதன் மேல் இன்னும் 30,000 தருகிறோம் என்கிறார்கள். அதை வாங்கி பாஸ் எடுக்கலாமா, வட்டியில்லா இ.எம்.ஐ.யில் எடுப்பது நல்லதா? கேரள அரசின் நிதி நிறுவனமான கே.எஸ்.எஃப்.ஈ.யில் ஒரு லட்ச ரூபாய் சிட்டி (ஏலச் சீட்டு) ஒன்று மாதம் 2,500 வீதம் 22 மாதமாகக் கட்டுகிறேன். 40 மாதச் சிட்டி, இன்னும் எடுக்கவில்லை. மகள் படிப்புக்கு என்று தொடாமல் வைத்திருக்கிறேன். அடகு ரசீது நகல் இணைத்திருக்கிறேன். சுற்றுலாச் செலவில் மிச்சம் பிடிக்க வழி சொல்லுங்கள்.

பதில்: டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுப்பது, வார நாளில் போவது எல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். வருடத்துக்கு இரண்டு முறை போகிறவருக்கு நான் அதைச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் பாஸைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் உங்கள் ரசீதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் பாஸை முடித்துவிடுவோம். ஆறு முறைக்கு நான்கு பேர் டிக்கெட் 31,200 ரூபாய். பாஸ் 26,000. மிச்சம் 5,200. கணக்கு சரி. ஆனால் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கொச்சிக்குப் போக வர 250 கிலோமீட்டருக்கு மேல். பெட்ரோல் இரண்டாயிரம் அளவில் ஆகும். பன்னியங்கரை, பாலியேக்கரை என்று இரண்டு டோல், அதுவும் போகவும் வரவும். உள்ளே சாப்பாடு, லாக்கர் வாடகை, நீச்சல் உடை, திரும்பும்போது பிள்ளைகள் பசிக்கிறது என்றால் ஆலத்தூர்ப் பக்கம் ஒரு ஓட்டல். ஒரு நாளைக்கு டிக்கெட் இல்லாமலே ஆறாயிரம் ஆகிவிடும். ஆறு முறைக்கு 36,000. பாஸோடு சேர்த்தால் 62,000. உங்கள் குடும்பம் மட்டும் இப்போது போகிற இரண்டு நாளுக்கு ஆவது 22,400. ஆக, 5,200 மிச்சம் பிடிக்கப் போய் 39,600 ரூபாய் கூடுதலாகச் செலவழிக்கப் போகிறீர்கள்.

அக்கா குடும்பத்துக்கு இந்த பாஸ் செல்லாது என்பதையும் பாருங்கள். அந்த நான்கு பேருக்கு ஏப்ரலில் ஒரு நாள் டிக்கெட் மட்டும் 5,200. பாஸில் வரும் மிச்சம் மொத்தமும் அந்த ஒரே நாளில் தீர்ந்துவிடும்.

பாஸ் என்பதே மோசம் என்று நான் சொல்லவில்லை. 2025 ஆகஸ்ட் 15-ல் தேசிய நெடுஞ்சாலைகளுக்கு ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் வந்தது. அப்போது 3,000 ரூபாய், ஒரு வருடம் அல்லது 200 முறை, எது முதலில் முடிகிறதோ அதுவரை. பாம்பாம்பள்ளம் டோல் வழியாகத் தினமும் கோவைக்கு வேலைக்குப் போய் வருபவர் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுக்கலாம். பாஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் அந்த வழியில் போயே ஆக வேண்டும். உங்கள் தீம் பார்க் பாஸ் அப்படியில்லை, பாஸ் இருப்பதாலேயே போக வைப்பது. பார்க்கிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் வீடு உள்ளவர்களுக்கு அது பொருந்தும். வெளிநாட்டிலும் இதே கதைதான். கலிபோர்னியா டிஸ்னிலேண்டில் 2021 முதல் மேஜிக் கீ என்ற பெயரில் ஆண்டு பாஸ் விற்கிறார்கள். விலை குறைந்த பாஸ் என்றால் உள்ளே விடாத நாட்கள் அதிகம், போகிற நாளை முன்பதிவும் செய்ய வேண்டும். உங்கள் பாஸில் ஏப்ரல் மே விடுமுறையும் ஓண நாட்களும் சேருமா என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. நீங்கள் போவதே அந்த நாட்களில்தான்! 18 சதவீத ஜி.எஸ்.டி. அந்த 6,500-க்குள் அடக்கமா என்பதும் தெரியவில்லை.

வட்டியில்லா இ.எம்.ஐ. என்றால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. பூச்சிய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. ஒன்று, வட்டியை விலைக்குள் வைத்திருப்பார்கள். இல்லையென்றால் நடைமுறைக் கட்டணம் என்று தனியாக வாங்குவார்கள். அதை விடுங்கள்.

இனி ரசீதுக்கு வருகிறேன். 24 கிராம் சங்கிலி. 2023 ஏப்ரலில் 30,000 வாங்கியிருக்கிறீர்கள். 2024 ஏப்ரலில் வட்டியைக் கட்டி, திருப்பி வைத்து, மேலும் 20,000. 2025 ஏப்ரலில் மறுபடி அப்படியே இன்னொரு 20,000. வட்டி 18 சதவீதம். முதல் வருடம் 5,400, இரண்டாம் வருடம் 9,000, இந்த வருடம் கட்ட வேண்டியது 12,600. மூன்று வருடத்தில் வட்டி மட்டும் 27,000 ரூபாய். நீங்கள் யோசிக்கிற பாஸின் விலையைவிட ஆயிரம் ரூபாய் அதிகம். அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை, சங்கிலியும் வீட்டுக்கு வரவில்லை.

உங்களைக் கெடுப்பது இந்தப் பழக்கம்தான். ஒவ்வொரு ஏப்ரலிலும் அக்கா வருகிறார் என்றால் சங்கிலி நினைவுக்கு வருகிறது. தங்கம் விலை ஏறினால் அது உங்களுக்கு வருமானம் போலத் தெரிகிறது. ரிசர்வ் வங்கியின் 2025-ம் வருட விதிகள்படி இரண்டரை லட்சம் வரையிலான நகைக்கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம். அதனால் கடைக்காரர் தருகிறேன் என்பதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அவர் தருவது கடன். இன்னும் 30,000 வாங்கினால் ஒரு லட்சம் ஆகும், வட்டி மாதம் 1,500. நாளைக்குத் தங்கம் இறங்கினால் இதே சங்கிலிக்கு இவ்வளவு தரமாட்டார்கள், அப்போது கையிலிருந்து கட்டித்தான் திருப்பி வைக்க முடியும்.

இப்போது அந்தச் சிட்டி. மகள் படிப்புக்கு என்று தொடாமல் வைத்திருப்பது நல்ல மனது. ஆனால் ஒரு பக்கம் 18 சதவீத வட்டி ஓடும்போது மறுபக்கம் சேமித்துக்கொண்டிருப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போலத்தான். 22 மாதம் ஆகிவிட்டதால் ஏலத்தில் தள்ளுபடி, அதாவது சிட்டியை முன்னதாக எடுக்க நீங்கள் விட்டுக்கொடுக்கும் தொகை, குறைந்திருக்கும். 15,000 தள்ளுபடிக்குள் சிட்டி கிடைத்தால் கையில் 85,000 வரும். அதில் அசல் 70,000, இந்த வருட வட்டி 12,600, ஆக 82,600 கட்டிச் சங்கிலியை மீட்டுவிடலாம். கடைசி வரை காத்திருந்தால் கமிஷன் போக 95,000 கிடைத்திருக்கும், அதாவது இப்போது எடுப்பதால் நஷ்டம் 10,000. எடுக்காமல் விட்டால் மீதி 18 மாதத்துக்கு அடகு வட்டி 18,900. எது குறைவு என்று பாருங்கள். தள்ளுபடி 20,000-க்கு மேல் போனால் அந்த மாதம் கேட்காதீர்கள், அடுத்த மாதம் பார்க்கலாம். சிட்டியை எடுத்த பிறகும் மீதி 18 தவணையைத் தவறாமல் கட்ட வேண்டும். அதற்கு ஜாமீன் கேட்பார்கள், என்ன காகிதம் வேண்டும் என்று கிளையில் முன்பே கேட்டுத் தயாராக இருங்கள். மீட்ட சங்கிலியையே ஜாமீனாக வைத்துவிட வேண்டாம்.

அப்புறம் அக்கா. கடிதத்தில் தாய்மாமன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த உரிமையும் கடமையும் எனக்குப் புரிகிறது, அதை விடச் சொல்ல மாட்டேன். ஆனால் தாய்மாமன் தவிர்க்க முடியாத செலவு வேறு இருக்கிறது. அக்கா பிள்ளைகளில் பெண் இருந்தால், இன்னும் சில வருடத்தில் சடங்கு வரும். சேலையும் சீர்த்தட்டுமாக நீங்கள்தான் முன்னே நிற்க வேண்டும், ஒரு பவுனாவது கேட்பார்கள். அன்றைக்கு உங்கள் மனைவி கழுத்தில் என்ன போட்டுக்கொண்டு அந்தச் சபையில் உட்காருவார்? தண்ணீர்ச் சறுக்கில் செலவழித்த காசை அன்று யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அதனால் அக்காவிடமே பேசுங்கள், அத்தானிடம் வேண்டாம். பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துப் போன் செய்யுங்கள். "அக்கா, சங்கிலி மூணு வருஷமா அடகுல இருக்கு, இந்த வருஷம் அதை மீட்டாகணும். டிக்கெட்டை அவங்கவங்க எடுத்துக்கலாம், சாப்பாடு என் செலவு" என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். அந்தச் சங்கிலி அடகில் இருப்பது அக்காவுக்குத் தெரியாது என்றே நினைக்கிறேன். தெரிந்தால் பெரும்பாலான அக்காமார் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்கள். அப்படியே சுளித்தாலும் ஒரு ஏப்ரலோடு போய்விடும்.

இந்த ஏப்ரலில் கொச்சி வேண்டாம். எட்டுப் பேரும் மலம்புழா போங்கள். அணை, பூங்கா, கானாயி குஞ்ஞிராமன் உருவாக்கிய யட்சி சிலை, ரோப்கார், பிள்ளைகள் ஆட ஃபேன்டஸி பார்க் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போய்விடலாம்.

சங்கிலி வந்ததும், இவ்வளவு நாள் வட்டிக்குப் போன மாதம் 1,050 ரூபாயை வங்கியில் 12 மாத ஆர்.டி.யாகப் போடுங்கள். வருடக் கடைசியில் 12,600 வரும். உங்கள் நான்கு பேர் கொச்சி போய் வர 11,200 போதும், மீதியில் அக்கா பிள்ளைகளுக்கும் ஏதாவது வாங்கிக் கொடுக்கலாம். ஓணப் பயணத்துக்கு போனஸ் இருக்கிறது. போகும் முன் மகளின் உயரத்தை அளந்து பாருங்கள். பல பார்க்குகளில் குழந்தை டிக்கெட்டுக்கு வயது கேட்பதில்லை, வாசலில் கோடு போட்டு உயரம்தான் பார்ப்பார்கள். பதினொரு வயதுப் பெண் இந்த வருடம் அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கலாம், பெரியவர் டிக்கெட் என்றால் கணக்கு மாறும். பின்னால் பொதுத்தேர்வு எழுதும்போது ஹால்டிக்கெட்டைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள், அதைக் காட்டினால் தள்ளுபடி தரும் பார்க்குகள் உண்டு.

நாளைக்கே கே.எஸ்.எஃப்.ஈ. கிளைக்குப் போய் உங்கள் சிட்டியின் அடுத்த ஏலம் எந்தத் தேதி, போன மூன்று மாதமாகத் தள்ளுபடி எவ்வளவு போயிற்று என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். அடகுக் கடையில் திருப்பி வைக்கும் தேதி அதற்கு முன் வந்தால் வட்டியை மட்டும் கட்டுங்கள். மேலே ஒரு ரூபாய்கூட வாங்க வேண்டாம்.