"பிடித்துவிட்டேன்" என்று அவரே எழுதிக்கொள்வதுதான் சிக்கல்

பதிவுகளாக எழுதி ஆடும் உங்கள் உயிரி பிடிக்கும் விளையாட்டில் ஓர் ஆட்டக்காரர் ஒரே மாதத்தில் ஐந்து டிராகன் பிடித்துவிட்டார் என்கிறீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் தப்பு அவர் மேல் இல்லை, விதியில்தான் ஓட்டை. "வலையை வீசினேன், டிராகன் சிக்கியது" என்று ஒரே பதிவில் முயற்சியையும் முடிவையும் அவரே எழுத முடிகிறது என்றால், ஒரு மாதத்தில் ஐந்து டிராகன் சேரத்தான் செய்யும். முயற்சி மட்டும் ஆட்டக்காரருடையது, முடிவு பகடையுடையது என்று மாற்றுங்கள். அவர் "வலையை வீசுகிறேன்" என்பதோடு நிறுத்த வேண்டும். ஆட்டத்தை நடத்துபவர் இரண்டு பகடை உருட்டுவார். சாதாரண உயிரிக்குக் கூட்டுத்தொகை 7 அல்லது அதற்கு மேல் வந்தால் போதும், 36-இல் 21 வாய்ப்பு. அரிய உயிரிக்கு 10 என்று வைத்தால் 36-இல் 6தான். மூன்று முறை வீசினாலும் சிக்கும் வாய்ப்பு சுமார் 42 சதவீதம். போராடிப் பார்க்கலாம், ஆனால் நிச்சயம் இல்லை. அப்படி இருந்தால்தான் சிக்கும்போது ருசி. முதலில் சண்டையிட்டுக் களைக்க வைத்தால் பகடைத் தொகையில் 1 கூட்டிக் கொடுங்கள், கதையும் நீளும்.

அப்புறம் நண்பரிடம் பரிமாற்றத்தில் வாங்கும் பலசாலி உயிரிகள். இதைத் தடை செய்யாதீர்கள், பாதிப் பேர் அதற்காகவே விளையாடுகிறார்கள். போக்கிமான் விளையாட்டுகளில் தேவையான பேட்ஜ் (ஆட்டத்தில் முன்னேறும்போது வென்று பெறும் சின்னம்) இல்லாதவரிடம் போன உயர்நிலை உயிரி பேச்சைக் கேட்காது, சண்டை நடுவே தூங்கக்கூடச் செய்யும். அதே வழி உங்களுக்கும் ஒத்துவரும்.

ஏற்கெனவே சேர்ந்த ஐந்து டிராகனைப் பிடுங்க வேண்டாம். ஒரு சண்டைக்கு ஒன்றுதான் இறக்கலாம் என்று சொல்லிவிடுங்கள். புது விதி இன்றைய தேதியிலிருந்து மட்டும்.