ஆட்டிசக் குழந்தைகளுக்கு பிஹேவியர் தெரபிஸ்ட் ஆக ஆன்லைன் படிப்பு போதுமா?

திருநெல்வேலி வாசகி ஒருவரின் கேள்வி: "பி.எஸ்சி. உளவியல் முடித்திருக்கிறேன். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு பிஹேவியர் தெரபிஸ்ட் ஆக விரும்புகிறேன். வீட்டிலிருந்தே 40 மணி நேரம் படித்தால் சர்வதேசச் சான்றிதழ் கிடைக்கும், உடனே சொந்தமாக சென்டர் தொடங்கலாம் என்கிறது ஒரு விளம்பரம். பணம் கட்டலாமா?"

இப்போதே கட்டிவிடாதீர்கள். ஆன்லைனில் படிப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த விளம்பரம் தரும் வாக்குறுதியை 40 மணி நேரப் படிப்பால் நிறைவேற்ற முடியாது.

இந்த 40 மணி நேரக் கணக்கு அமெரிக்காவில் பிரபலமானது. அங்கே 1998இல் தொடங்கப்பட்ட பிஏசிபி என்ற சான்றளிப்பு வாரியம், ஆர்பிடி என்ற தொடக்கநிலைத் தகுதியை வழங்குகிறது. பள்ளிப்படிப்பை முடித்த 18 வயதுக்காரர்கூட அதற்கு முயலலாம். ஆனால் 40 மணி நேர வகுப்பு முதல் படிதான். அதன்பின் தகுதி பெற்ற ஒருவர் உங்கள் வேலைத்திறனை மதிப்பிட வேண்டும், தேர்வு எழுத வேண்டும். வேலைக்குச் சேர்ந்த பிறகும் மாதாமாதம் வேலை நேரத்தில் குறைந்தது 5 சதவீதம் மேற்பார்வையில் நடக்க வேண்டும். ஆர்பிடி பெற்றவர் சிகிச்சைத் திட்டம் வகுப்பதில்லை. அதே வாரியத்தின் உயர்நிலைத் தகுதியான பிசிபிஏ பெற்ற, முதுகலை படித்த நிபுணர் வகுத்துத் தரும் திட்டத்தை அப்படியே நடைமுறைப்படுத்துவதே அவர் வேலை. தனியாக சென்டர் நடத்துவது அந்தத் தகுதியின் நோக்கமே இல்லை.

அதோடு, 2023 ஜனவரி 1 முதல் அந்த வாரியம் இந்தியாவில் வசிப்பவர்களின் புதிய விண்ணப்பங்களை ஏற்பதில்லை. ஆகவே ஆர்பிடி பெயரைச் சொல்லி இங்கே விற்கப்படும் வகுப்பின் முடிவில் உங்களுக்குக் கிடைப்பது வகுப்பில் கலந்துகொண்டதற்கான சான்று மட்டும். தேர்வு எழுதிப் பெறும் தகுதி வேறு. பணம் கட்டுமுன் அந்த வேறுபாட்டை நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்க வேறு சர்வதேச அமைப்புகள் உண்டு. ஐபிஏஓ வழங்கும் ஐபிடி, கியூஏபிஏ வழங்கும் ஏபிஏடி இரண்டும் தொடக்கநிலைத் தகுதிகள். இரண்டிலும் வகுப்போடு மேற்பார்வையும் தேர்வும் சேர்ந்தே வரும். தனியார் சென்டரில் வேலை தேடும்போது இவை உதவலாம். ஆனால் இவை இந்தியச் சட்டப்படியான உரிமம் ஆகிவிடாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் (ஆர்சிஐ) சட்டப்படி, அந்தக் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் மறுவாழ்வு நிபுணராகத் தொழில் செய்யக்கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். சிறப்பாசிரியர், மருத்துவ உளவியலாளர், மறுவாழ்வு உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர் போன்றோர் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். பிஹேவியர் தெரபிஸ்ட் என்று தனிப் பிரிவு அதில் இல்லை. 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் நடத்தை ஆய்வாளரை (பிஹேவியர் அனலிஸ்ட்) தன் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. அதன் பதிவு விதிகளையும் கவனித்து வாருங்கள்.

உங்கள் வயதும் சூழலும் இடம் கொடுத்தால், ஆர்சிஐ அங்கீகரித்த ஒரு படிப்பையே அடித்தளமாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஆட்டிசத்துக்கென்றே சிறப்புக் கல்விப் பட்டயப் படிப்பு இருக்கிறது, இரண்டு ஆண்டு. உளவியல் பட்டதாரி என்பதால் மறுவாழ்வு உளவியல் பக்கமும் பாருங்கள். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பல்வகை ஊனமுற்றோருக்கான மத்திய அரசு நிறுவனம் நடத்தும் படிப்புகளையும் விசாரியுங்கள். நடத்தைப் பயிற்சிச் சான்றிதழை அதற்கு மேல் சேர்த்துக்கொள்ளலாம்.

மேற்பார்வையை நான் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன்? ஓர் உதாரணம். ஐந்து வயதுப் பையன், எழுத்து நோட்டை மேசையில் வைத்ததும் அலறுகிறான். பாவம் என்று நோட்டை எடுத்துவிடுகிறீர்கள், அமைதியாகிவிடுகிறான். அலறினால் நோட்டு போய்விடும் என்பதை அன்று அவனுக்கு நீங்களே கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள். அதற்காக அலறலைப் பொருட்படுத்தாமல் எழுதவைப்பதும் சரியல்ல. "கொஞ்சம் நிறுத்தணும்" என்று அவன் ஒரு பட அட்டையை நீட்டக் கற்றுக்கொடுத்து, நீட்டியவுடன் இடைவேளை தந்தால், அலறவேண்டிய தேவை மெல்லக் குறையும். இதையெல்லாம் வீடியோ பாடத்தில் அரை மணியில் புரிந்துகொள்ளலாம். ஆனால் அந்த அலறல் வேலையிலிருந்து தப்பிக்கவா, அம்மாவின் கவனத்துக்கா, ஃபேன் சத்தம் தாங்காமலா, காதுவலியா? உங்கள் எதிரில் இருக்கும் குழந்தையிடம் இதைப் பிரித்தறிய, அனுபவசாலி ஒருவர் நீங்கள் வேலை செய்வதைப் பார்த்து, எங்கே தவறினீர்கள் என்று பலமுறை சொல்லியாக வேண்டும். பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதத்தோடு வீடியோ வழியாக இந்த மேற்பார்வை நடந்தாலும் பயன் உண்டு. நல்ல ஆன்லைன் படிப்புக்கு அடையாளமே இதுதான்.

இன்னொன்றையும் பாருங்கள். இந்த நடத்தைப் பயிற்சிக்கு அடிப்படையான ஏபிஏ (நடத்தைப் பகுப்பாய்வு) முறையில் சிறுவயதில் பயிற்சி பெற்ற ஆட்டிச நபர்கள் பலர், வளர்ந்தபின் அதைக் கடுமையாக விமர்சித்திருக்கிறார்கள். இந்த முறையை ஆட்டிசக் குழந்தைகளிடம் பயன்படுத்திய உளவியலாளர் ஐவர் லோவாஸின், 1987இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வுக் காலத்தில் தண்டனையும் பயிற்சியின் பகுதியாக இருந்தது. கையைத் திரும்பத் திரும்ப அசைப்பதை நிறுத்து, கண்ணைப் பார், சொன்னதைச் செய் என்ற வற்புறுத்தல் தங்களைக் காயப்படுத்தியதாக அவர்கள் சொல்வதை நாம் மதித்துக் கேட்க வேண்டும். யாருக்கும் தீங்கில்லாத கையசைப்பை நிறுத்துவதை ஒரு பாடத்திட்டம் இலக்காக வைத்திருந்தால், அந்தப் படிப்பில் சேராதீர்கள். குழந்தையை மற்றவர்களைப் போல நடிக்கவைப்பது நம் வேலையே அல்ல. தனக்கு வேண்டியதைக் கேட்கவும், வேண்டாததை மறுக்கவும் அவனுக்கு வழி அமைத்துத் தருகிறோம்.

இனி, விளம்பரம் செய்த நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். எந்த வாரியத்தின் தேர்வுக்கு இந்த வகுப்பு தகுதி தருகிறது? இந்தியாவில் இருந்துகொண்டே அதை எழுதலாமா? என்னை மேற்பார்வையிடப்போகிறவர் யார், அவர் தகுதி என்ன, மாதம் எத்தனை மணி நேரம் என் வேலையைப் பார்ப்பார்? தேர்வுக் கட்டணமும் மேற்பார்வைக் கட்டணமும் இதில் அடக்கமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். அவர்கள் பெயர் சொல்லும் வாரியத்தின் இணையதளத்தில் அந்த மேற்பார்வையாளரின் பெயர் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள். பதில் வரும்வரை காத்திருக்காமல், உங்கள் ஊரிலோ பக்கத்திலோ ஆர்சிஐ பதிவு பெற்றவர்கள் நடத்தும் சிறப்புப் பள்ளியில் சில மாதம் உதவியாளராகச் சேர்ந்துகொள்ளுங்கள்.