கறுப்பு சிங்க்கும் போர் தண்ணீரும்

கேள்வி: திண்டுக்கல் பக்கம் புது வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். அடுத்த வாரம் சமையல் மேடைக்குக் கிரானைட் வெட்ட ஆள் வருகிறார்கள். கடையில் பார்த்த கறுப்பு ‘கிரானைட் சிங்க்’ எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஒரே தொட்டி, 24-க்கு 18 அங்குலம். இவ்வளவு விலை கொடுத்து வாங்கி, ஒரு பாத்திரம் விழுந்தால் உடைந்துவிடாதா என்கிறார் கணவர். மாமியாருக்கு இரண்டு தொட்டி வேண்டும். மேடைக் கல்லுக்கு அடியில் பதிப்பதுதான் இப்போது எல்லாரும் கேட்பது என்கிறார் கடைக்காரர். எங்களுக்கு முழுக்க முழுக்கப் போர் தண்ணீர். வாளியில்கூட வெள்ளை படிந்துவிடும். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், அம்மா. ஆனால் கறுப்பு வேண்டாம், கல்லுக்கு அடியில் பதிக்கவும் வேண்டாம். அப்புறம், சிங்க் வீட்டுக்கு வந்து சேரும் வரை கிரானைட்டில் துளை வெட்ட விடாதீர்கள். வெட்டும் நாளை ஒரு வாரம் தள்ளிப் போட்டாலும் பரவாயில்லை.

முதலில் பொருள் என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். கடையில் ‘கிரானைட் சிங்க்’ என்றும் ‘குவார்ட்ஸ் சிங்க்’ என்றும் சொல்வது கல்லைக் குடைந்து செய்தது இல்லை. ஏறக்குறைய எண்பது சதவீதம் கல்துகள், மீதி அக்ரிலிக் பிசின். இரண்டையும் கலந்து அச்சில் ஊற்றி, சூடேற்றி இறுக வைக்கிறார்கள். 1979-ல் ஜெர்மனியின் ஷாக் நிறுவனம் தொடங்கிவைத்த முறை இது. அந்தத் தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்து குஜராத்தின் பாவ்நகரில் காரிசில் என்ற பெயரில் நம் நாட்டிலேயே செய்கிறார்கள். குவார்ட்ஸ் கத்தி இரும்பைவிடக் கடினமானது, அதனால் கத்தி பட்டுக் கீறல் விழுவது அரிது. தண்ணீர் விழும்போது ஸ்டீல் சிங்க் போலத் தடதடவென்று சத்தமும் வராது. பாத்திரம் கழுவும்போது பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிற வீட்டில் இது பெரிய வசதி.

உங்கள் கணவரின் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. டம்ளர், தட்டு, குக்கர் மூடி விழுந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் இரும்பு தோசைக்கல்லோ, அம்மிக் குழவியோ மேலிருந்து விளிம்பில் விழுந்தால் சில்லு பெயரும். ஸ்டீல் என்றால் நெளியும், இது தெறிக்கும். அதுதான் வித்தியாசம். உங்கள் வீட்டில் கிரைண்டர் கல்லை வாரம் இரண்டு முறை சிங்க்கில் வைத்துத்தான் கழுவுகிறீர்கள் என்றால், எல்லா யோசனையையும் விட்டுவிட்டு 304 தரத்தில் ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமனுள்ள ஸ்டீல் சிங்க்கையே வாங்கிவிடுங்கள். கிரைண்டர் கல்லைக் கொல்லைப்புறத்தில் கழுவுகிற வீடு என்றால் கவலை இல்லை.

சூடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். 280 டிகிரி வரை தாங்கும் என்று பல தயாரிப்பாளர்கள் அச்சிடுகிறார்கள். கொதிக்கும் வடிகஞ்சி 100 டிகிரிதான், அதை ஊற்றினால் சிங்க்குக்கு எதுவும் ஆகாது. தாளித்த இரும்பு வாணலியை அடுப்பிலிருந்து எடுத்து அப்படியே உள்ளே வைத்து, உடனே குழாயைத் திறப்பது வேறு கதை. ஒரே இடத்தில் சூடும் குளிரும் மாறி மாறி மோதினால் காலப்போக்கில் மயிரிழை விரிசல் விழலாம். வாணலியை மேடையில் ஆறவிட்டு எடுத்துப் போடுங்கள். உண்மையில் வடிகஞ்சியைப் பொறுத்தவரை நான் பயப்படுவது கீழே போகும் பிவிசி குழாய்க்குத்தான். கொதிநீரில் அது இளகும், நாளடைவில் தொய்ந்து இணைப்பு கசியும். கஞ்சி வடிக்கும்போது பச்சைத் தண்ணீரையும் சேர்த்துத் திறந்துவிடும் பழக்கம் இருந்தால் போதும்.

இப்போது நிறம். கறுப்பில் போர் தண்ணீர் ஒரு நாள் காய்ந்தாலே சுண்ணாம்பு பூசியதுபோல் தெரியும். கடையில் பளபளவென்று இருந்தது ஏனென்றால் அதில் தண்ணீரே படவில்லை. வெள்ளை, கிரீம் நிறங்களில் உப்பு தெரியாது. ஆனால் மஞ்சள்தூள் பிடிக்கும், அலுமினியப் பாத்திரம் உரசிய சாம்பல் கோடுகள் விழும். மஞ்சள் கறை வெயில் பட்டால் வெளிறிவிடும், ஆனால் சிங்க்கை எடுத்துப் போய் வெயிலில் காயவைக்க முடியாதே! உங்கள் தண்ணீருக்கு நடுத்தரச் சாம்பலோ மணல் நிறமோ, புள்ளி புள்ளியாக இருப்பது நல்லது. உப்பும் மஞ்சளும் ஓரளவு அதில் மறைந்துபோகும். ‘ஆசைப்பட்டது கறுப்புதானே’ என்று மனது கேட்கும். தினமும் இரவு கடைசிப் பாத்திரம் கழுவியதும் துணியால் துடைத்து உலர்த்தத் தயார் என்றால் கறுப்பையே வாங்குங்கள். அந்த வேலை உங்கள் தலையில்தான் விழும் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

மாமியார் கேட்கும் இரண்டு தொட்டிக்குக் காரணம் இருக்கிறது: தேய்த்தது ஒரு பக்கம், அலசுவது ஒரு பக்கம். ஆனால் 37 அங்குல நீளமுள்ள சிங்க்கில் இரண்டு தொட்டி வைத்தால் ஒவ்வொன்றும் 16 அங்குலம் வருவதே பெரிது. இட்லிக் குண்டானும் கைப்பிடி வைத்த வாணலியும் அதில் படுக்காது. நிமிர்த்தி வைத்துக் கழுவினால் தண்ணீர் உங்கள் புடவையில்தான். போதாததற்குக் கீழே இரண்டு வேஸ்ட் கப்ளிங் (தண்ணீர் வடியும் துளையில் மாட்டும் பாகம்), ஒரு கூடுதல் இணைப்பு, கசிவதற்கு இன்னும் ஓர் இடம். பெரிய ஒற்றைத் தொட்டி வாங்கி, தேய்த்ததைப் போட்டுவைக்க உள்ளே ஒரு பிளாஸ்டிக் டப் வையுங்கள். அல்லது ஓரத்தில் வரிவரியாகப் பள்ளம் போட்ட பலகை சேர்ந்தே வரும் மாடல் வாங்கி, மேடையில் இடம் இருந்தால் அதைப் பதியுங்கள். மாமியாருக்கும் சரியாக வரும்.

ஆழத்தை யாரும் கேட்பதில்லை, முதுகு வலி வந்த பிறகுதான் கேட்கிறார்கள். மேடை உயரம் 33 அங்குலம், தொட்டி 9 அங்குலம் ஆழம் என்றால் தொட்டியின் தரை இரண்டடி உயரத்தில் இருக்கிறது. அடியில் பதித்தால் கல்லின் தடிமன் முக்கால் அங்குலமும் சேர்ந்து இன்னும் கீழே போகும். ஐந்தடி உயரமுள்ளவர் அரைமணி நேரம் குனிந்து நிற்க வேண்டிவரும். வாங்கும் முன் ஒரு ஸ்டூலின் மேல் புத்தகங்களை அடுக்கி இரண்டடி உயரம் ஆக்கி, அதன்மேல் ஒரு தட்டை வைத்துத் தேய்ப்பதுபோல் கையை ஆட்டிப் பாருங்கள். பாத்திரம் யார் கழுவுகிறாரோ அவர் நின்று பார்க்க வேண்டும். எட்டு அங்குலம் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும்.

அடியில் பதிக்க வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வதற்கு என் வீட்டு அனுபவம்தான் காரணம். சிங்க்கைக் கடப்பா கல்லின்மேல் உட்காரவைத்து, சுற்றிலும் சிமெண்ட் பூசி, அதன்மேல் கிரானைட்டைப் போட்டு மூடிவிட்டார் கொத்தனார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான்காவது வருடம் கப்ளிங் ஓரத்தில் விரிசல் விட்டது. சிங்க்கை மேலே எடுக்க முடியவில்லை, கீழே இறக்கவும் முடியவில்லை. கடைசியில் கிரானைட்டை உடைத்தோம். அதே நிறத்தில் கல் கிடைக்காமல், இன்றைக்கும் என் மேடையில் சிங்க் இருக்கும் பகுதி மட்டும் வேறு கறுப்பு. சிங்க் செலவைவிடக் கல் செலவு அதிகமானது.

எனவே விளிம்பு கல்லின்மேல் உட்காரும்படி மேலிருந்து பதியுங்கள். சிமெண்ட் வேண்டாம், சிலிக்கான் பசை போதும். அதில் குறை இல்லாமல் இல்லை. மேடைத் தண்ணீரை நேராக உள்ளே வழித்துத் தள்ள முடியாது, விளிம்பு தடுக்கும். சிலிக்கான் கோடு சில வருடத்தில் கறுத்துப்போகும், சுரண்டிவிட்டுப் புதிதாகப் போட வேண்டியிருக்கும். ஆனால் அது ஒரு மணி நேர வேலை. எப்படியும் அடியில்தான் வேண்டும் என்று முடிவெடுத்தால், சிங்க்கைத் தாங்க இரும்பு ஆங்கிள் சட்டம் ஒன்றைக் கீழே போல்ட் போட்டுப் பொருத்தச் சொல்லுங்கள். நாளைக்குக் கழற்றினால் சிங்க் கீழே இறங்க வேண்டும். வெறும் சிலிக்கானை நம்பி ஒட்டிவிடக் கூடாது. சிங்க்கே பத்துப் பதினைந்து கிலோ. உள்ளளவு 21-க்கு 16, ஆழம் 8 அங்குலம் என்றால் நிரம்பிய தண்ணீர் மட்டும் 44 கிலோ.

கல் வெட்டுபவரிடம் சிங்க்கோடு வரும் அட்டை அச்சைக் கொடுங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் அளவை மட்டும் வைத்து வெட்டவிடாதீர்கள். அச்சில் வார்த்த பொருள், சில மில்லிமீட்டர் கூடக்குறைய இருக்கும். துளையின் நான்கு மூலையும் வளைவாக இருக்க வேண்டும். கூர்மூலை வெட்டினால் கிரானைட் அங்கேதான் விரியும். சிங்க்குக்கு முன்னால் இரண்டரை மூன்று அங்குலத்தில் மிஞ்சும் கல் பட்டைக்குக் கீழே கடப்பா தாங்கல் கொடுங்கள். கப்ளிங்கை ரப்பர் வாஷர் வைத்துக் கையால் முறுக்கினால் போதும் என்று பிளம்பரிடம் சொல்லுங்கள். ஸ்பேனரை வைத்து இறுக்குவதால் உடையும் சிங்க்குகளே அதிகம்.

கடையில் பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். கவிழ்த்துவைத்து அடிப்பக்கம் ஓர் ஓரத்தைப் பாருங்கள்: மேலே ஒரு நிறம், உள்ளே வேறு நிறம் என்றால் அது மேல்பூச்சு. நல்ல தயாரிப்பில் நிறம் உள்வரை இருக்கும். விரல் கணுவால் சுற்றிலும் தட்டுங்கள்; ஓரிடத்தில் மட்டும் ஓட்டைச் சத்தம் கேட்டால் அங்கே விரிசல். சமதரையில் வைத்து நான்கு மூலையும் படிகிறதா, ஆடுகிறதா என்று பாருங்கள். ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி, துளையை நோக்கி முழுதும் வடிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மூலையில் தேங்கினால் உங்கள் ஊர் தண்ணீருக்கு அந்த மூலை ஒரு மாதத்தில் வெள்ளையாகிவிடும்.

கேள்வி: ஏற்கெனவே கறுப்பு குவார்ட்ஸ் சிங்க் போட்டு ஒரு வருடம் ஆகிறது. முழுதும் வெள்ளைப் படலம். பாத்ரூம் ஆசிட் போடலாமா? தேங்காய் எண்ணெய் தேய்த்தால் போகும் என்கிறார்கள்.

பதில்: ஆசிட் வேண்டவே வேண்டாம். அடைப்பு எடுக்கும் காஸ்டிக் தூளும் வேண்டாம். கல்துகளைப் பிடித்துவைத்திருக்கும் பிசினைக் கெடுக்கும்.

அந்த வெள்ளை பெரும்பாலும் சுண்ணாம்பு உப்பு, மிதமான புளிப்புக்கே கரையும். முதலில் பாத்திரம் கழுவும் திரவத்தால் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் புளிப்பு உப்பைத் தொடாது. பிறகு வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, பழைய துணியை நனைத்துப் படலத்தின்மேல் விரித்து, பதினைந்து நிமிடம் விடுங்கள். மென்மையான நாரால் தேய்த்துக் கழுவுங்கள். ஒரு வருடப் படலம் ஒரே தடவையில் போகாது, நாலைந்து நாள் தொடர்ந்து செய்யுங்கள். எலுமிச்சைச் சாறும் உதவும். மேடை மார்பிளாக இருந்தால் அதன்மேல் ஒரு சொட்டும் விழக் கூடாது, அரித்துவிடும். கம்பி நார் வேண்டாம். எண்ணெய் தேய்த்தால் கறுப்பாகத் தெரியும், உண்மைதான். ஆனால் உப்பு அடியிலேயே இருக்கும், அதன்மேல் அழுக்கும் ஒட்டும்.

கேள்வி: குவார்ட்ஸ் சிங்க் வாங்கி வந்து மூன்றாம் நாள் பிரித்தால் ஓரத்தில் விரிசல். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறது, நீங்கள் கொண்டுபோகும்போது உடைத்திருப்பீர்கள் என்கிறார் கடைக்காரர். என்ன செய்வது?

பதில்: பில்லில் அச்சடித்துவிட்டால் மட்டும் அது சட்டமாகிவிடாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(47), குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் கால அளவு ஏதும் சொல்லவில்லை என்றால் 30 நாள். உங்களுக்கு மூன்றே நாள்தான் ஆகியிருக்கிறது.

கடைக்காரர் சொல்லும் ‘நீங்கள்தான் உடைத்தீர்கள்’ என்பதுதான் உண்மையான வழக்கு, அதற்குத்தான் சான்று வேண்டும். சிங்க்கைப் பொருத்திவிடாதீர்கள். பெட்டியையும் தெர்மாகோலையும் தூக்கிப் போடாதீர்கள். பெட்டி நசுங்கியிருக்கிறதா, விரிசல் எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் தெரியும்படி படம் எடுத்து, இன்றைக்கே கடைக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்தில் அனுப்புங்கள். வாய்ப்பேச்சில் விடாதீர்கள். தயாரிப்பாளரின் உத்தரவாத அட்டை இருந்தால் அவர்கள் ஆளே வந்து பார்க்கவும் வாய்ப்புண்டு. பல சமயம் இந்தக் கட்டத்திலேயே மாற்றித் தந்துவிடுவார்கள்.

நகரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. கால அவகாசம் இரண்டு வருடம் இருக்கிறது, ஆனால் எழுத்துப் புகாரை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.

உங்களிடம் இருப்பது சரியான பில்தானா என்று பாருங்கள், ‘எஸ்டிமேட்’ என்று மேலே எழுதிய துண்டுச் சீட்டா? சீட்டு மட்டும்தான் என்றால் முதல் வேலையாகக் கடைக்குப் போய் முறையான பில் கேளுங்கள். பில் தர மறுப்பதும் அதே பிரிவின்படி குற்றச்சாட்டுக்கு உரியதுதான். பணம் யுபிஐயில் கட்டியிருந்தால் அந்தப் பதிவையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.