ஏழாவது சான்றிதழ்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோவையில் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்களுக்கு நான்கு நாள் பிடிக்கும் அசைன்மென்ட்டைச் சாட்ஜிபிடி ஒரு நிமிடத்தில் முடித்துவிடுகிறது. ஆறு ஆன்லைன் சான்றிதழ் வாங்கியும் பயம் போகவில்லை. அப்பா கடன் வாங்கிப் படிக்க வைக்கிறார். தவறான பிரிவை எடுத்துவிட்டேனா? அடுத்து எந்தக் கோர்ஸ் சேரலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பிரிவு பற்றிய கவலையை விடுங்கள். எந்த வேலை நிலைக்கும் என்று ஆரூடம் சொல்ல என்னால் ஆகாது. சாட்ஜிபிடி மாதிரியான செயற்கை நுண்ணறிவுக்கே அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான ஜெஃப்ரி ஹிண்டன், ஸ்கேன் பார்க்கும் டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுப்பதை இப்போதே நிறுத்திவிடலாம் என்று 2016-ல் சொன்னார். அந்தப் படிப்பில் இன்றும் ஆட்கள் சேர்கிறார்கள்.

சில நாட்களாகவே எனக்கு என் மாமா நினைப்பு. அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தவர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஸ்டிக் என்கிற சின்னச் சட்டத்தில் கோப்பார். இடவலம் மாறிக் கிடக்கும் எழுத்தைச் சரளமாக வாசிப்பார். விரல் நுனி எப்போதும் கறுத்திருக்கும். தொண்ணூறுகளில் டிடிபி வந்தது, அதாவது கம்ப்யூட்டரிலேயே அடித்துப் பக்கம் அமைப்பது. கூட வேலை பார்த்த மூன்று பேரையும் அனுப்பிவிட்டார்கள். ஒருவர் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். அது அநியாயம்தான், அதை நான் மழுப்ப மாட்டேன். மாமாவை மட்டும் குறைந்த சம்பளத்தில் புரூஃப் பார்க்க வைத்துக்கொண்டார்கள். ஒருநாள் கம்ப்யூட்டரில் அடித்த கல்யாணப் பத்திரிகை ஒன்று வந்தது. பார்க்கப் பளிச்சென்று இருந்தது. விரலை வைத்து வாசித்துக்கொண்டே வந்தவர் ஒரு வரியில் நிறுத்தினார். "இந்தத் தேதி வியாழனாச்சே, புதன்னு போட்டிருக்கே?"

சரி, சாட்ஜிபிடி கொடுத்த அசைன்மென்ட்டை நீங்கள் வரி வரியாகப் படித்தீர்களா? புரோகிராம் மொழியில் இல்லாத ஃபங்ஷனைக்கூட இருப்பதுபோல எழுதிவைக்கும் அது. எந்த வரியில் விரலை நிறுத்த வேண்டும் என்று தெரியுமா? ஆறு சான்றிதழ் வாங்கியும் தெரியாது என்றால் எனக்குக் கோபம்தான் வரும். வீடியோவை வேகமாக ஓட்டி, டிக் அடித்து வாங்கியவைதானே? ஏழாவது வேண்டவே வேண்டாம். பழைய அசைன்மென்ட் ஒன்றை எடுத்து, எதையும் கேட்காமல் நீங்களே எழுதுங்கள். நான்கு நாள் ஆகட்டும். முதலில் ஓடாது, எர்ரர் வரும். எங்கே இடிக்கிறது என்று உட்கார்ந்து தேடுங்கள். அப்புறம் சாட்ஜிபிடி எழுதியதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதில் ஒரு தப்பு கண்ணில் பட்டால் எனக்கு எழுதுங்கள்.

அப்பாவிடம் இந்தப் பயத்தைச் சொன்னீர்களா? கடன் வாங்கியவருக்கும் அது இருக்கும். ஆளுக்கொரு பக்கம் தூக்கம் கெட்டுக் கிடக்காதீர்கள். இந்த வாரமே உட்கார்ந்து பேசுங்கள்.