கணினிக் கேள்வி பதில்

கேள்வி: கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். விண்டோஸ் 11-இல் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளை சோர்ஸிலிருந்து (அதன் மூல நிரலிலிருந்து) நானே கம்பைல் செய்து பார்க்கிறேன். ‘நாஸ்ம் இல்லை, அல்லது ரொம்பப் பழசு’ என்று நின்றுவிடுகிறது. வேண்டுமானால் அசெம்பிளியை முடக்கிக்கொள் என்றும் அதுவே சொல்கிறது. முடக்கிவிடவா?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: கூடாது. நாஸ்ம் என்பது அசெம்பிளி மொழியில் எழுதியதை பிராசசருக்குப் புரியும்படி மாற்றித் தரும் கருவி. டீகோட் செய்வது, அளவு மாற்றுவது போன்ற வேலைகளில் கோடிக்கணக்கான முறை ஓடும் சின்னச் சின்ன லூப்களை எஸ்எஸ்இ, ஏவிஎக்ஸ்2 எனும் பிராசசரின் வேகக் கட்டளைகளுக்கென்று கையாலேயே அசெம்பிளியில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டால் எஃப்எஃப்எம்பெக் ஓடும், ஆனால் நொண்டியடிக்கும். நாலு மணி நேர முகூர்த்த வீடியோவை அதில் போட்டுவிட்டுக் காத்திருக்க உங்களுக்குப் பொறுமை இருக்காது.

நீங்கள் திறந்திருப்பது தப்பான ஜன்னல் என்று நினைக்கிறேன். விண்டோஸில் கம்பைல் செய்ய உதவும் எம்சிஸ்2 தொகுப்பைப் போட்டதும் ஸ்டார்ட் மெனுவில் எம்சிஸ், யூசிஆர்டி64, க்ளாங்64 என்று ஒரு கூட்டமே வந்து உட்காரும். பலரும் முதலாவதைத் திறந்துவிடுகிறார்கள்; யூசிஆர்டி64-க்கென்று போட்ட நாஸ்ம் அங்கிருந்து தெரியாது. யூசிஆர்டி64-ஐத் திறங்கள்; எந்த ஜன்னல் என்று பிராம்ப்ட்டிலேயே எழுதியிருக்கும். ஜிசிசி கம்பைலர், நாஸ்ம், பிகேஜிகான்ஃப், வீடியோ என்கோடரான எக்ஸ்264 எல்லாவற்றையும் பேக்மேனில் (எம்சிஸ்2-இன் பேக்கேஜ் நிறுவியில்) ‘மிங்டபிள்யூ-டபிள்யூ64-யூசிஆர்டி’ என்று தொடங்கும் பெயரில் கேட்டு வாங்க வேண்டும். மேக், கிட், டிஃப்யூட்டில்ஸ் மூன்றுக்கும் அந்த முன்னொட்டு வேண்டாம்.

அப்புறம், கம்பைலுக்கு முன்னால் ஓடும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஓடும்போது திரை அசையாமல் நிற்கும். தொங்கிவிட்டதென்று மூடிவிடாதீர்கள். அது குட்டிக் குட்டி சோதனை நிரல்களை எழுதி, ஒவ்வொன்றாகக் கம்பைல் செய்து பார்க்கிறது. லினக்ஸில் புது பிராசஸ் தொடங்குவது சுளுவான காரியம். விண்டோஸில் எம்சிஸ் அதைப் பாவனை செய்துதான் நடத்துகிறது. போதாததற்கு ஆன்டிவைரஸ் வேறு ஒவ்வொரு எக்ஸியையும் முகர்ந்து பார்க்கும். டீ குடித்துவிட்டு வாருங்கள். மறுபடி எர்ரர் வந்தால் திரையில் தெரிகிற வரியை நம்பாமல், எஃப்எஃப்பில்ட் ஃபோல்டரிலுள்ள கான்ஃபிக் லாக்கின் கடைசிப் பகுதியைப் படியுங்கள். நிஜக் காரணம் அங்கேதான் இருக்கும். ஃபோல்டர் பெயரில் இடைவெளி வேண்டாம். சி டிரைவிலேயே சின்னதாக ஒரு பெயர் வையுங்கள்.

எதற்காகக் கம்பைல் செய்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எக்ஸ்264, எக்ஸ்265, எஸ்விடி-ஏவி1 என்ற வீடியோ என்கோடர்களே போதுமென்றால் இந்தப் பாடே வேண்டாம். எஃப்எஃப்எம்பெக் தளத்தின் டவுன்லோட் பக்கத்திலேயே விண்டோஸுக்கான ரெடிமேட் பில்ட்களுக்கு இணைப்பு இருக்கிறது. ஃப்ரான்ஹோஃபர் நிறுவனத்தின் ஆடியோ என்கோடரான எஃப்டிகே ஏஏசி வேண்டுமென்றால் மட்டும் நீங்களேதான் செய்துகொள்ள வேண்டும். அதன் லைசென்ஸும் எக்ஸ்264-இன் ஜிபிஎல் லைசென்ஸும் ஒத்துப்போகாது. இரண்டையும் சேர்த்தால் கான்ஃபிகர் ‘நான்ஃப்ரீ’ (பிறருக்குப் பகிர முடியாதது) என்ற தேர்வைக் கேட்கும். அப்படி உருவான எக்ஸியை உங்கள் கணினியில் தாராளமாக ஓட்டலாம், பக்கத்து ஸ்டுடியோக்காரருக்கு பென் டிரைவில் போட்டுக் கொடுக்கக் கூடாது.

கேள்வி: நானே கம்பைல் செய்தால் என்கோடிங் வேகம் கூடுமா?
- அதே வாசகர்

பதில்: பெரிதாகக் கூடாது. எக்ஸ்264 ஓடத் தொடங்கும்போதே உங்கள் பிராசசர் எது என்று பார்த்து, அதற்கேற்ற அசெம்பிளியை எடுத்துக்கொள்கிறது. ரெடிமேட் பில்ட்டிலும் இதுவே நடக்கும். வேகம் வேண்டுமென்றால் எக்ஸ்264-இன் வேக அமைப்பான ப்ரீசெட்டை ‘ஸ்லோ’விலிருந்து ‘மீடியம்’ ஆக்கிப் பாருங்கள்.