முகம் கொடுத்துப் பேசாத மாமியார்

கேள்வி: மாமியாருக்கு 67 வயது. சில மாதங்களாக யார் வந்தாலும் உம்மென்று உட்கார்ந்திருக்கிறார். ஏதாவது கேட்டால் காதில் விழாதபடி முணுமுணுக்கிறார். பால் தீய்ந்து வீடே நாறினாலும் எழுந்து அடுப்பை அணைப்பதில்லை. ஜாக்கெட் கொக்கி மாட்டக்கூட பக்கத்து வீட்டு அக்காவைத்தான் கூப்பிடுகிறார். கை நடுக்கமெல்லாம் கிடையாது, அதனால் நோய் இல்லை. என்மேல் என்ன கோபம் என்று எப்படிக் கேட்பது?
- வாசகி, திருச்சி

பதில்: கோபம் கிடக்கட்டும், அந்தக் கொக்கிக்கு வாருங்கள். இத்தனை வருஷம் பேசிக்கொண்டே மாட்டிய கொக்கி, ஒரு பெண்ணுக்கு ஏன் மாட்ட வராமல் போனது? அதை நீங்கள் யோசிக்கவே இல்லை. யாரைக் கூப்பிட்டார் என்பதில்தான் உங்களுக்கு மனத்தாங்கல். ஒரே வீட்டில் இருக்கும் உங்களைக் கூப்பிட அவருக்கு என்ன தயக்கம் என்பது உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

விரல் மந்தமாவது, முகத்தில் அசைவு குறைவது, குரல் தேய்வது, வாசனை தெரியாமல் போவது. நான்கையும் நீங்களே எழுதிவிட்டுக் கோபம் என்கிறீர்கள். மூளையில் ஏற்படும் பாதிப்பால் உடல் அசைவு மந்தமாகும் பார்க்கின்சன் நோய் இப்படியும் தொடங்கும். ஆரம்பத்தில் நடுக்கமே இல்லாதவர்கள் உண்டு. மோப்பம் போவதும் மலச்சிக்கலும் பல வருஷம் முன்னாலேயே வந்துவிடலாம். அவர் நடக்கும்போது கவனியுங்கள்: ஒரு கை மட்டும் வீசாமல் தொங்குகிறதா? அந்தப் பக்கத் தோள் வலிக்கிறது என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறாரா? கையெழுத்து சிறுத்திருக்கிறதா? தூக்கத்தில் கத்திக் கையை வீசுகிறாரா?

இது அந்த நோய்தான் என்று நான் சொல்லவில்லை. அதை நரம்பியல் மருத்துவர் கையை மடக்கச் சொல்லி, நடக்கவிட்டுப் பார்த்துச் சொல்வார். ரத்தப் பரிசோதனை ஒன்றை எடுத்து முடிவு செய்கிற விஷயமில்லை. போகும்போது அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் எடுத்துப் போங்கள். நம் ஊரில் கேஸ் மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி வருஷக்கணக்கில் விழுங்குகிறோம். அவற்றில் சிலவற்றில் லெவோசல்பிரைடு என்ற மருந்து சேர்ந்திருக்கும். அதுவும், தலைசுற்றலுக்குத் தரும் சின்னரிசினும் இதே அறிகுறிகளை உண்டாக்கக்கூடியவை. மருந்துதான் காரணம் என்றால், மருத்துவர் சொல்லி நிறுத்திய பிறகு பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் குறையும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று. இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், உங்கள் கணவரைப் பற்றி ஒரு வரி இல்லை. பெற்றவளைப் பார்த்துக்கொள்வது மருமகளின் வேலை என்று ஒதுங்குகிற பிள்ளைகளை எனக்குப் பிடிக்காது. லீவு போட்டுவிட்டு அவரும் வரட்டும். எப்போதிலிருந்து நடை மாறியது, மலச்சிக்கல் எத்தனை வருஷமாக என்று மருத்துவர் கேட்பார். மகன் பதில் சொல்லட்டும்.