எஞ்சினுக்குள் நுழையும் லேசர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எஞ்சின் வெளியிடும் மாசை அளக்கப் புகைக்குழாயின் வாயில் கருவியைப் பொருத்தினால் போதாதா? பல்கலைக்கழக ஆய்வகங்களில் எரிந்துகொண்டிருக்கும் சிலிண்டருக்குள்ளேயே லேசரைச் செலுத்திப் படம் பிடிப்பதாகப் படித்தேன். இதனால் புதிதாக என்ன தெரியவருகிறது?
- இயந்திரவியல் மாணவர் ஒருவர்

பதில்: ஒரு வண்டி விதிமுறைக்கு உட்பட்டு ஓடுகிறதா என்று தீர்ப்புச் சொல்லப் புகைக்குழாயில் அளப்பதே போதும். ஆனால் அங்கே நமக்குக் கிடைப்பது மிச்சம் மட்டும்தான். டீசல் எஞ்சினுக்குள் உண்டாகும் புகைக்கரியில் பெரும்பகுதி, வெளியேறும் முன்னரே சிலிண்டருக்குள் எரிந்து தீர்ந்துவிடுகிறது. எனவே குழாயில் கரி கூடுதலாக வந்தால், உள்ளே அது அதிகமாக உருவானதா, அல்லது உருவானது முழுவதும் எரியாமல் தப்பி வந்ததா என்பதை வெளியே நிற்கும் கருவியால் பிரித்தறிய இயலாது. முதலாவதற்கு எரிபொருளும் காற்றும் கலக்கும் விதத்தை மாற்ற வேண்டும். இரண்டாவதற்கு, எரிதலின் பிற்பகுதியில் வெப்பமும் ஆக்சிஜனும் கரியைச் சென்றடைய வழி செய்ய வேண்டும்.

இத்துறையில் பெரும் திருப்பத்தைத் தந்தது, அமெரிக்காவின் லிவர்மோரில் உள்ள சாண்டியா தேசிய ஆய்வகத்தில் ஜான் டெக் செய்த பணி. தெளிப்பானிலிருந்து பீறிடும் டீசல் தாரையின் நடுப்பகுதி திரவத்துளிகளால் நிறைந்திருப்பதாகவும், கரி சுடரின் வெளியோரத்தில் மட்டுமே உருவாவதாகவும் அதுவரை பலர் கருதிவந்தனர். பலவகை லேசர்ப் படங்களை ஒன்றிணைத்து 1997-இல் அவர் வெளியிட்ட விளக்கம் வேறொன்றைக் காட்டியது: எரிபொருள், தெளிப்பானிலிருந்து சிறிது தூரத்துக்குள் முழுவதும் ஆவியாகிவிடுகிறது, காற்று குறைந்த அந்தக் கலவை முதலில் அரைகுறையாக எரிந்து, தாரையின் குறுக்களவு முழுவதிலும் கரியை உண்டாக்குகிறது, அதைச் சூழ்ந்த மெல்லிய சுடர்ப்படலத்தின் வெளிப்பக்கத்தில்தான், வெப்பமும் ஆக்சிஜனும் மிகுந்திருப்பதால், நைட்ரிக் ஆக்சைடு பிறக்கிறது. ஒரே தாரையில் இரண்டு மாசுகளும் வெவ்வேறு இடங்களில் தோன்றுவதைக் கண்ட பிறகுதான், ஒன்றைக் குறைத்தால் மற்றொன்று கூடும் பழைய இக்கட்டின் வேர் தெளிவாகப் புலப்பட்டது. எந்தப் புகைமானியும் இதைச் சொல்லியிருக்க முடியாது என்பதே என் உறுதியான கருத்து.

கேள்வி: இரும்புச் சுவருக்குள் ஒளி எப்படிப் போகிறது? கண்ணுக்குத் தெரியாத வாயுவை எப்படிப் படம் எடுக்கிறார்கள்?
- வாசகி ஒருவர்

பதில்: பிஸ்டனை நீளமாக்கி, அதன் தலையில் குவார்ட்ஸ் சாளரம் ஒன்றைப் பதித்து, உள்ளீடற்ற அதன் உடலுக்குள் 45 பாகை சாய்வில் அசையாத கண்ணாடி ஒன்றை நிறுத்துவார்கள். சிலிண்டருக்குள் நிகழ்வது அந்தக் கண்ணாடியில் பட்டுத் திரும்பிப் பக்கவாட்டில் நிற்கும் கேமராவை அடையும். இந்த அமைப்பை 1960-களின் தொடக்கத்தில் விவரித்த பொறியாளரின் பெயரால் இது பௌடிச் பிஸ்டன் எனப்படுகிறது. சிலிண்டர் சுவரின் மேற்பகுதியில் உள்ள மற்றொரு சாளரத்தின் வழியே, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிப்புள்ள தகடுபோல் விரிக்கப்பட்ட லேசர் ஒளி உள்ளே நுழையும்.

ஒளியின் அலைநீளத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் நுட்பம் இருக்கிறது. சுடர் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டும் ஹைட்ராக்சில் மூலக்கூறு, 283 நானோமீட்டரை ஒட்டிய புற ஊதா ஒளியை உட்கொண்டு, 310 நானோமீட்டரை ஒட்டி உடனொளிரும். நைட்ரிக் ஆக்சைடுக்கு 226 நானோமீட்டர் அளவிலான ஒளி பொருந்தும். வடிகட்டி வைத்த கேமரா அந்த உடனொளிர்வை மட்டும் பதிவு செய்கிறது. கரிக்கு வேறு முறை உண்டு. லேசர் துடிப்பு அதை ஏறத்தாழ 4,000 கெல்வின் வரை சூடாக்க, சுடரின் இயல்பான மஞ்சள் ஒளியைவிட நீலம் மிகுந்த பேரொளியுடன் அது ஒரு கணம் தணல்போல் ஒளிர்கிறது.

துடிப்பின் நீளம் சுமார் 10 நானோ வினாடி. நிமிடத்துக்கு 1,200 சுற்று ஓடும் எஞ்சினில் சுழல்தண்டு ஒரு பாகை திரும்பவே ஏறக்குறைய 139 மைக்ரோ வினாடி ஆகும் என்பதால், எவ்வளவு வேகமான சுழிப்பும் படத்தில் உறைந்து நிற்கும்.

கேள்வி: கண்ணாடி பதித்த எஞ்சின் உண்மையான எஞ்சினைப் போலவே எரியுமா?
- ஆசிரியர் ஒருவர்

பதில்: முழுவதும் அப்படியே எரியாது, இதை மறைக்காமல் எழுதும் ஆய்வுக் கட்டுரைகளையே நான் மதிக்கிறேன். குவார்ட்ஸ் வெப்பத்தை மெதுவாகவே கடத்துவதால் சுவரின் வெப்பநிலை மாறுபடும். சாளரத்தில் எண்ணெய் படியாதிருக்கப் பிஸ்டன் வளையங்களைக் கீழே தள்ளி வைப்பதால், பிஸ்டனைச் சுற்றியுள்ள இடுக்கு பெரிதாகும். குவார்ட்ஸ் சாளரம் தாங்க வேண்டும் என்பதற்காகப் பல சுழற்சிகளுக்கு ஒருமுறை மட்டுமே எரியவிடுவதும் வழக்கம். போதாததற்கு, அடர்ந்த கரி லேசரையும் திரும்பிவரும் ஒளியையும் விழுங்கிவிடுவதால், படத்தில் இருண்ட இடமெல்லாம் வாயு இல்லாத இடம் என்று கொள்ளக் கூடாது. ஆகவே இப்படங்களைக் கொண்டு கணினி மாதிரிகளைச் சரிபார்த்து, அம்மாதிரிகளின் துணையால் உலோக எஞ்சினை வடிவமைப்பதே முறையான வழி.

கேள்வி: எரிபொருள் ஹைட்ரஜனாக மாறிவிட்டால் இந்த ஆய்வுக்கு வேலை இருக்குமா?
- அதே ஆசிரியர்

பதில்: இருக்கும். ஹைட்ரஜனில் கார்பன் இல்லாததால் எரிபொருளிலிருந்து கரி வராது. ஆனால் காற்றில் உள்ள நைட்ரஜன் உயர் வெப்பத்தில் ஆக்சைடாக மாறுவது நிற்காது. ஹைட்ராக்சிலையும் நைட்ரிக் ஆக்சைடையும் ஒளிரச் செய்யும் அதே லேசர்கள் அங்கேயும் பயன்படுகின்றன.